மீன் வாடையா, ஈறு வாடையா?

"கவுச்சி துன்ற வாயி, நாறாம மணக்குமா?"

வட சென்னையில் காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை பூனை வளர்க்கிற வீடுகளில் இந்தப் பதில் தயாராக இருக்கும். காரப்பொடி மீனை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து வைக்கிற வீட்டில், பூனையின் வாய் நாறினால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கணக்கு பிசகுவது அங்கேதான். மீன் தின்ற கவுச்சி சில மணி நேரத்தில் அடங்கிவிடும். விடிகாலையில், வெறும் வயிற்றோடு வந்து காலை உரசுகிறதே, அப்போது அதன் வாயருகே மூக்கைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அந்த நேரத்திலும் அழுகின முட்டை மாதிரியோ அடைத்த சாக்கடை மாதிரியோ அடித்தால் அது மீன் இல்லை, ஈறு.

இதற்கு ஊரே ஒரு சோதனையும் நடத்திக் கொடுக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், மீன் விலை ஏறும், பல வீடுகளில் பூனைக்குப் பால்சோறும் பிஸ்கட்டும்தான். அந்த இரண்டு மாதமும் வாய் அதே மாதிரி நாறினால் மீன்மேல் பழி போட இடமில்லை.

பூனையின் வாயில் பாக்டீரியா இல்லாத நாளே கிடையாது. நல்ல ஈறு உள்ள வாயிலும் மொராக்செல்லா, பாஸ்ச்சுரெல்லா போன்றவை குடியிருக்கும். எச்சிலில் உள்ள புரதம் பல்மேல் மெல்லிய படலமாகப் படியும், பாக்டீரியா அதில் ஒட்டும், ஒரே நாளில் அது வழுவழுப்பான படிவமாகிவிடும். படிவம் தடிக்கத் தடிக்க அடியில் ஆக்சிஜன் எட்டாது. அங்கே காற்று ஆகாத இன்னொரு கூட்டம் பெருகும்: போர்ஃபைரோமோனாஸ், ட்ரெபோனிமா, ஃபுசோபாக்டீரியம். ஈறு நோய் பிடித்த வாயில் கை ஓங்கியிருப்பவை இவைதான். இவை புரதந்தின்னிகள். ஈற்றோரம் கசியும் நீரையும் செத்த செல்களையும் ரத்தத்தையும் சிதைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு, மெத்தில் மெர்காப்டன் என்ற கந்தக வாயுக்களை வெளியே விடும். அழுகின முட்டை வாடை அங்கிருந்து வருகிறது.

நமக்கு வருகிற மாதிரி சொத்தைப்பல் பூனைக்கு வருவது மிக அரிது. சர்க்கரை அதன் இயல்பான தீனி இல்லை, எச்சில் காரத்தன்மை கொண்டது, அரைக்கிற தட்டையான பல்லும் இல்லை. (இனிப்புச் சுவையை உணரும் மரபணுவே பூனைக்குப் பழுதுபட்டது, பிஸ்கட்டுக்கு ஓடி வருவது இனிப்புக்காக இல்லை.) ஆனால் அதே காரத்தன்மை, பல்மேல் கல்லாக இறுகுகிற காரை படிவதைச் சுலபமாக்குகிறது. எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் இறங்கி, இரண்டு மூன்று நாளில் படிவம் கெட்டிப்படத் தொடங்கும்.

லாரித் தண்ணீர் பிடித்து வைக்கிற பிளாஸ்டிக் குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு நாள் தேய்க்காமல் விட்டால் உள்பக்கம் வழுவழுக்கும். பிளீச்சிங் தண்ணீர் ஊற்றிக் கொட்டினால் மட்டும் அது போகாது, நார் போட்டுத் தேய்த்தால்தான் போகும். பல்மேல் படிகிற படிவமும் அந்த ஜாதிதான். ஆன்டிபயாடிக் ஊசி போட்டதும் நாற்றம் பத்து நாள் குறைந்து, மறுபடி முளைப்பது இதனால்தான். மருந்து ரத்தத்தில் வருகிறது, படிவம் பல்லில் ஒட்டியிருக்கிறது. போர் தண்ணீர் பிடித்த குடத்தில் உப்புக்கறை ஏறுமே, பல் காரை அந்த மாதிரி. கறை தானாக யாரையும் கடிக்காது. ஆனால் அதன் சொரசொரப்பில் வழுவழுப்பு சீக்கிரம் பிடிக்கும். 1998-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, காட்டில் இரை பிடித்துத் தின்னும் பூனைகளையும் வீட்டுப் பூனைகளையும் ஒப்பிட்டது. காட்டுப் பூனைகளுக்குக் காரை குறைவாக இருந்தது. ஈறு நோயில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. "பல்லு வெள்ளையாத்தானே இருக்கு" என்று யாராவது சொன்னால் இதை ஞாபகத்தில் வையுங்கள்.

வளர்ந்த பூனைக்கு 30 பல், மேலே 16, கீழே 14. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஆரோக்கியமான பூனைக்கு இருக்கிற இடுக்கின் ஆழம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், ஏடிஎம் கார்டின் கனம்கூட இல்லை. கிருமியை விரட்ட உடம்பு அனுப்புகிற வெள்ளையணுக்கள் அந்த இடத்தில் நடத்துகிற சண்டையில் பல்லைப் பிடித்திருக்கும் நாரும் எலும்பும் சேர்ந்தே கரைகின்றன. இடுக்கு ஆழமாகும், ஆழத்தில் ஆக்சிஜன் இன்னும் குறையும், கெட்ட கூட்டத்துக்கு இன்னும் கொண்டாட்டம். வெறும் ஈறு வீக்கம் முதல் கட்டம், சுத்தம் செய்தால் முழுக்கத் திரும்பிவிடும். பல்லின் பிடிமானத்தில் கால் பங்கு வரை போனால் இரண்டாவது, பாதி வரை போனால் மூன்றாவது, அதற்கும் மேல் நான்காவது. போன எலும்பு தானாகத் திரும்பாது.

பார்ப்பது எப்படி? வாயைத் திறக்கவே வேண்டாம். அதைத் திறக்கப் போய்த்தான் பலர் கடி வாங்குகிறார்கள். பூனை தூங்கி வழிகிற நேரமாகப் பார்த்து, அதன் முகம் உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இடது உள்ளங்கை தலைமேல், கட்டைவிரலும் நடுவிரலும் இரண்டு கன்னத்தெலும்பிலும். வலது கட்டைவிரலால் வாயோர உதட்டை மேல்நோக்கி, பின்னால் தள்ளுகிற மாதிரி தூக்குங்கள். பக்கத்தில் இன்னொருவர் செல்போன் டார்ச் அடிக்கட்டும். ஒரு பக்கத்துக்குப் பத்து விநாடி போதும்.

முதலில் மேல்வரிசையில் பின்னால் உள்ள பெரிய பல். கன்னத்தின் எச்சில் குழாய் அதன் அருகே திறப்பதால் காரை அங்கேதான் முதலில் ஏறும், வெல்லப்பாகு ஒட்டிக் காய்ந்த நிறத்தில். அடுத்து ஈற்றின் ஓரம். நல்ல ஈறு வெளிர் ரோஜா நிறம், ஓரம் கத்தி முனை போல மெல்லிசு. சில பூனைகளுக்குக் கருப்புத் திட்டு இருக்கும், அது நிறமி, நோயில்லை. வீங்கிய ஈற்றில், பல்லைத் தொடுகிற இடத்தில் மட்டும் சிவப்புப் பேனாவால் கோடு இழுத்த மாதிரி தெரியும், பளபளக்கும், ஓரம் மழுங்கியிருக்கும். வயதான பூனையின் மேல் கோரைப்பல் ஒன்று மற்றதைவிட நீளமாகத் தெரிந்தால் பல் வளர்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். சுற்றியிருக்கும் எலும்பு தடித்து, பல் வெளியே தள்ளப்படுகிறது.

கீழ்த்தாடையில், கோரைப்பல்லுக்கு அப்புறம் ஒரு வெற்றிடம் விட்டு வருகிற முதல் பல்லை இன்னொரு தரம் பாருங்கள். அந்தப் பல்லின்மேல் ஈறு ஏறிவந்த மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி இருந்தால் அது ஈறு நோய் மட்டும் இல்லை, பல் அரிப்பு. பூனையின் சொந்தச் செல்களே பல்லைத் தின்று குழியாக்குகிற நோய் இது. தொடங்குவதற்கான காரணம் இன்னும் பிடிபடவில்லை. நடுவயதுக்கு மேல் நிறையப் பூனைகளுக்கு வரும், அதிகம் வருவது இந்தப் பல்லில்தான். அதைத் தொட்டால் தாடை கிடுகிடுவென்று ஆடும், மயக்கத்தில் இருந்தால்கூட ஆடும். சிமென்ட் வைத்து அடைக்கிற வைத்தியம் இதில் நிற்காது. எக்ஸ்ரே எடுத்து, வேர் தனியாக இருந்தால் முழுசாகப் பிடுங்க வேண்டும். வேர் கரைந்து எலும்போடு எலும்பாகிப் போயிருந்தால் மேல்பகுதியை மட்டும் சீவி, ஈற்றை மூடித் தைப்பார்கள். எக்ஸ்ரே இல்லாமல் இந்த இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

"சாப்பிடுதே, அப்புறம் என்ன வலி?" இது அடுத்த பதில். பூனை பசிக்குப் பணிந்துதான் தின்னும், வலியை ஓரங்கட்டிவிடும். தட்டுக்கு ஆசையாக ஓடிவந்து, ஒரு வாய் எடுத்ததும் சீறிவிட்டு ஓடுவது, தலையை ஒரு பக்கம் சாய்த்து மெல்லுவது, உலர் தீனியை மெல்லாமல் முழுங்குவது, பாதி கொட்டாவியில் நிறுத்துவது, முன்னங்கால் ரோமம் எச்சில் பட்டுப் பழுப்பேறுவது, முதுகு ரோமம் வாராமல் சிக்குப் பிடிப்பது: இவையெல்லாம் வலிதான். நிஜமாகவே தின்பதை நிறுத்திவிட்டால் அது வேறு அவசரம். குண்டான பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு ஏறிச் சாகக் கிடக்கும்.

எல்லா நாற்றமும் ஈற்றிலிருந்து வருவதில்லை. மூத்திர வாடை கலந்து அடித்து, தண்ணீரும் நிறையக் குடித்தால் சிறுநீரகம். நகப்பாலிஷ் அழிக்கிற திரவம் மாதிரி அடித்தால் சர்க்கரை நோய். பத்து வயதுக்கு மேல் ஒரே பக்கம் தாடை வீங்கி, ஒரே ஒரு பல் ஆடினால், நாக்குக்கு அடியில் கட்டி தட்டுப்பட்டால் புற்றுநோயை நினைக்க வேண்டும். ஈறு நோய் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். திடீரென்று ஒரே நாளில் எச்சில் கொட்டி, காலால் வாயைப் பிராண்டினால் முள். வெந்த மீன்முள்ளும் கோழி எலும்பும் மேலண்ணத்தில் குறுக்கே, இரண்டு பெரிய பற்களுக்கு நடுவே பாலம் போட்ட மாதிரி சிக்கும். துறைமுகப் பக்கம் தூண்டில் முள்ளும் தூண்டில் நரம்பும் சேர்ந்துகொள்ளும். நாக்கடியில் சுற்றிக்கொண்ட நூலோ நரம்போ தெரிந்தால் இழுக்கவே கூடாது. மறுமுனை குடலில் இருக்கலாம், இழுத்தால் குடலை அறுக்கும். அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

முள்ளைப் பேசும்போது இன்னொன்று. மீன்தலை கடித்தால் பல் சுத்தமாகும் என்ற நம்பிக்கையில் முழு உண்மை இல்லை. வெந்த மீன் மசிந்துவிடும், பல்லைத் தேய்க்காது. கடையில் விற்கும் சாதாரண உலர் தீனியும் பல் நுனி பட்டதும் நொறுங்கிவிடும், ஈற்றோரத்தைத் தொடவே தொடாது. பல்லுக்கென்றே தயாரிக்கிற தீனி பெரிதாக, நார்ச்சத்தோடு இருக்கும். பல் உள்ளே இறங்கும் வரை உடையாது. அது ஓரளவு உதவும்.

நிஜமாகத் தேய்ப்பது பிரஷ் ஒன்றுதான், அதற்கு மூன்று வாரம் பொறுமை வேண்டும். முதல் வாரம், உப்பும் மஞ்சளும் போடாமல் மீன் வேகவைத்த தண்ணீரில் விரலை நனைத்து, உதட்டுக்குள் விட்டு ஒரு வருடல், அவ்வளவுதான். உடனே ஒரு துண்டு மீன் கொடுங்கள். இரண்டாவது வாரம் விரலில் காஸ் துணி சுற்றிப் பல்லின் வெளிப்பக்கம் மட்டும். மூன்றாவது வாரம் விரல் பிரஷ், அல்லது பல் முளைத்த குழந்தைக்கு வாங்குகிற மிக மென்மையான பிரஷ். பிரஷை ஈற்றோரத்தில் 45 பாகை சாய்த்து, பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து சின்ன வட்டம். உட்பக்கத்தைச் சொரசொரப்பான நாக்கு பார்த்துக்கொள்ளும். மேலே பின்பக்கப் பெரிய பல்லும் கோரைப்பல்லும் முக்கியம், வெட்டுப்பல்லை விட்டாலும் பரவாயில்லை. பூனைக்கென்று விற்கும் பேஸ்ட் ஓர் அரிசி அளவு போதும். தினமும் தேய்க்க வேண்டும். வாரம் ஒருமுறை தேய்த்தால் அதற்குள் கெட்டிப்பட்ட காரைமேல் பிரஷ் ஓடும், வீண் வேலை. ஈறு ஏற்கெனவே ரத்தம் கசிகிற பூனைக்குப் பிரஷைக் காட்டவே வேண்டாம். வலித்த ஞாபகம் ஒட்டிக்கொண்டால் அப்புறம் எப்போதும் வாயைத் தொட விடாது. முதலில் சிகிச்சை, ஆறிய பிறகு பிரஷ்.

நம் வீட்டு வைத்தியம் பூனைக்கு எமன். பல்வலிக்குக் கிராம்புத் தைலம் தொட்டு வைக்கிற பழக்கம் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. அதில் உள்ள யூஜினாலை உடைத்து வெளியேற்றுகிற நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு, தைலம் உள்ளேயே தங்கி விஷமாகும். பாராசிட்டமாலும் அதே கதை, இன்னும் மோசம். அரை மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். முகமும் பாதமும் வீங்கி, ஈறு பழுப்போ நீலமோ ஆகி, மூச்சு வாங்கும். தெரியாமல் கொடுத்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் அந்த மணி நேரத்திலேயே மருத்துவரிடம் போனால் மாற்று மருந்து உண்டு. மனிதப் பேஸ்ட்டும் கூடாது. பூனைக்குத் துப்பத் தெரியாது, நுரையும் ஃபுளோரைடும் வயிற்றுக்குத்தான் போகும். ஆப்பசோடாவும் உப்பும் தேய்த்தால் சோடியம் ஏறும். மருத்துவர் டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதினால் வெறுமனே தொண்டையில் போட்டுவிட்டு விடாதீர்கள். அது உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கி, குழாயையே சுருக்கிவிடும். ஊசி இல்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீர் பின்னாலேயே போக வேண்டும்.

காரை ஏறிய பிறகு சுத்தம் செய்ய மயக்கம் கொடுத்தே ஆக வேண்டும். மயக்கம் இல்லாமல் சுரண்டிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் வெளியே தெரிகிற காரை மட்டும் போகும். நோய் ஈற்றுக்குள்ளே இருக்கிறது, விழித்திருக்கிற எந்தப் பூனையும் அங்கே கருவியை விட விடாது. வட சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி பக்கம்தான். 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. தனியார் கிளினிக் போனாலும் சரி, கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் பார்த்தார்களா? மூச்சுக்குழாயில் டியூப் போடுவார்களா? காரை உடைக்கிற அல்ட்ராசோனிக் கருவி தண்ணீர் பீய்ச்சும். டியூப் இல்லையென்றால் அந்தக் கிருமித் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். உடம்பு சூடு குறையாமல் பார்ப்பார்களா? சின்ன உடம்பு, நனைந்த முகம், சீக்கிரம் குளிர்ந்துவிடும். பல் எக்ஸ்ரே உண்டா? கடைசியாகப் பாலிஷ் போடுவார்களா? சுரண்டிய பல்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும், வழவழப்பாக்காமல் விட்டால் படிவம் முன்னைவிட வேகமாகப் பிடிக்கும்.

இன்னொரு கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. வாயை விரித்துப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த கருவி போடுவார்களா? பூனை வாயை முழுசாக விரித்து வெகுநேரம் வைத்தால் தாடைக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாய் நசுங்கும். கண்ணுக்கும் மூளைக்கும் ரத்தம் போகிற முக்கிய வழி பூனைக்கு அதுதான். மயக்கம் தெளிந்த பூனை பார்வையில்லாமல் எழுந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

பல் பிடுங்குவது என்றதும் கொறடாவால் இழுப்பது என்று நினைக்க வேண்டாம். இரண்டு மூன்று வேர் உள்ள பல்லை முதலில் துண்டாக அறுத்து, ஒவ்வொரு வேராக நெம்பி எடுக்க வேண்டும். கீழ்க் கோரைப்பல்லின் வேர் அந்த இடத்துத் தாடையில் பெரும்பங்கை அடைத்துக்கொண்டிருக்கும். அவசரப்பட்டால் தாடையே உடையும்.

தொண்டைப் பக்கம்வரை சிவந்து புண்ணாகி, கொட்டாவி விட்டாலே அலறுகிற பூனை தனி வகை. இது வெறும் காரைப் பிரச்சினை இல்லை, பல்லில் ஒட்டும் படிவத்தின்மேலேயே உடம்பு வெறிபிடித்துப் பாய்கிற நோய். பூனைச் சளியை உண்டாக்குகிற கலிசி வைரஸ் இந்தப் பூனைகளின் வாயில் பெரும்பாலும் இருக்கும். தெருப் பூனைகள் பத்து ஒரே தட்டில் தின்கிற இடங்களில் அது சுலபமாகப் பரவும். மூன்று நோய்க்குச் சேர்த்துப் போடுகிற தடுப்பூசியில் இதுவும் உண்டு. தொற்றை முழுக்கத் தடுக்காது, வீரியத்தைக் குறைக்கும். ஸ்டீராய்டு ஊசி போட்டால் ஒரு மாதம் தேவலை, அப்புறம் பழைய குருடி. நிலைக்கிற வைத்தியம் கன்னப்பற்களை, தேவைப்பட்டால் எல்லாப் பற்களையும், வேரோடு எடுப்பது. கேட்கக் கொடூரமாக இருக்கும், ஆனால் பெரும்பாலான பூனைகள் அதற்குப் பிறகு தேறுகின்றன. ஒரு பங்குக்கு மட்டும் மேற்கொண்டு மருந்து வேண்டியிருக்கும்.

இந்த வாய் கடித்தால் நமக்கும் ஆகாது. பூனையின் கோரைப்பல் ஊசி மாதிரி, மேலே சின்னத் துளை, உள்ளே ஆழம். பாஸ்ச்சுரெல்லா இறங்கினால் ஒரே நாளில் கை சிவந்து வீங்கும். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ஸ்டான்லி ஆஸ்பத்திரியோ பக்கத்து அரசு ஆஸ்பத்திரியோ போய் வெறிநாய்க்கடி ஊசியைப் பற்றியும் கேட்க வேண்டும். விரல் மூட்டுமேல் கடிபட்டால் தாமதிக்கவே கூடாது.

பல் எடுத்த பூனை முதல் இரண்டு வாரம் மசித்த மீன்சோறு தின்னும். முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துவிட வேண்டும். தையல் தானாகக் கரைகிற நூல். அப்புறம் ஒரு பல்லும் இல்லாத பூனைகூட உலர் தீனியை நாக்கால் அள்ளி முழுங்கும், எடையும் போடும். இரண்டு வாரம் கழித்து ஒரு விடிகாலையில், தட்டு வைப்பதற்கு முன்னால், மறுபடி அதன் வாயருகே மூக்கைக் கொண்டுபோங்கள். பழைய நாற்றம் ஒரு பக்கமிருந்து இன்னும் வந்தால் உடைந்த வேர் ஏதாவது உள்ளே தங்கியிருக்கலாம். அந்தப் பக்கத்துக்கு இன்னொரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.